வாசலில் தொங்கிய குடை

“நேரம் என்னன்னு போடட்டும்மா?” என்று கேட்டார் டாக்டர் லெமேர்.

பேனாவுக்காகக் கைப்பைக்குள் கையை விட்டார். முதலில் உதட்டுச்சாயம் வந்தது. அடுத்து ஒரு சின்ன போத்தல் வந்தது. பேனா கடைசியில்தான் வந்தது. தலையில் சிவப்புப் பொய்முடி, காதில் பிளாஸ்டிக் திராட்சைக் கொத்து. பூப்போட்ட கவுனுக்குள் திணித்திருந்த இரண்டு பலூன்களில் ஒன்று நழுவி வயிற்றுக்கு வந்துவிட்டிருந்தது. ஓடி வந்ததில் இன்னும் மூச்சு வாங்கியது.

ரேமோந்த் அவரைப் பார்க்காமல் கட்டிலைப் பார்த்தாள்.

“பத்து இருபதுக்குப் பேசினார். பத்தே முக்காலுக்கு நான் உள்ள வந்து பார்த்தேன். நடுவுல எப்பன்னு எனக்குத் தெரியாது.”

“நடுவுல நீங்க எங்க இருந்தீங்க?”

“அடுப்படியில. கத்திக்கிட்டிருந்தேன்.”

“யாரை?”

“யாரையா? இவரைத்தான். வேற யார் இருக்கா இந்த வீட்டுல கத்தறதுக்கு?”

டாக்டர் பத்து முப்பது என்று எழுதினார். இறந்தவர் பெயர் ஓமேர் தெகோனிங்க், வயது எழுபத்தெட்டு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டபோது தாளின் ஓரத்தில் சிவப்பாக ஒரு விரல் ரேகை பதிந்தது.

“அந்தப் பலூனைச் சரி பண்ணுங்க டாக்டரே. வயித்துல புள்ளை மாதிரி இருக்கு,” என்றாள் ரேமோந்த்.

இப்படியும் ஒரு சாவு உண்டா? வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருக்கிறது. பிரான்சின் டன்கர்க் துறைமுக ஊரே மூஞ்சியில் சாயம் பூசிக்கொண்டு, ஆம்பளையெல்லாம் பொம்பளை வேஷம் கட்டி, மேளத்தின் பின்னால் ஓடுகிற கார்னிவல் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துச் செத்திருக்கிறார் இந்த மனுஷன். வேண்டுமென்றே செய்தது போலத்தான் இருந்தது. டாக்டருக்கு எட்டு தடவை போன் அடித்தாள். ஒன்பதாவது தடவை எடுத்தவர், பின்னாலிருந்த குழல் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல், “சூப் ரெடியா ரேமோந்த் அம்மா? வந்துடறோம்!” என்றார். அதற்கு மேல் ஒருத்தி என்னதான் செய்வாள்.

விஷயம் புரிந்ததும் ஓடித்தான் வந்தார், அதைச் சொல்ல வேண்டும். வந்த வேகத்தில் தன் நீளக் கைப்பிடிப் பச்சைக் குடையை வாசல் வெளிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே நுழைந்தார்.

கல்யாணம், பிறப்பு, சாவு எல்லாம் பதிகிற குடும்பப் புத்தகம் வேண்டும் என்றார் டாக்டர். ரேமோந்த் சுவரோர மேஜையின் இழுப்பறையைத் திறந்தாள். புத்தகத்துக்கு மேலே கோல்டு கிரீம் புட்டி உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் மடித்து வைத்த பழைய ஃபிளானல் துணி. வருஷத்தில் ஒரே ஒரு நாள் வெளியே வருகிற சாமான்கள். அவற்றைத் தள்ளிவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள். இந்த வருஷம் அந்த வேலையும் இல்லை.

கல்யாணமான முதல் வருஷம் அவளுக்கு ஒன்றும் தெரியாது. கார்னிவல் ஞாயிறு சாயங்காலம் ஓமேர் வீட்டுக்கு வந்தார், மூஞ்சி முழுக்க ஊரார் உதட்டுச் சிவப்போடு. இந்த ஊரில் அன்றைக்கு யாரைப் பார்த்தாலும் முத்தம்தான், மேயராவது மீன்காரியாவது. அப்படியே படுத்துத் தூங்கிவிட்டார். அவள் அம்மா கையால் பூவேலை செய்து கொடுத்த தலையணை உறை அன்றோடு போயிற்று. மறு வருஷத்திலிருந்து வாசலில் நுழைந்ததும் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிடுவாள். கிரீமைப் பூசித் துணியால் துடைப்பாள். திட்டிக்கொண்டே துடைப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “இது சுங்கத்துறை ஆல்பேர். இது ரொட்டிக்கடைக்காரர் மாமியார். இது யாருன்னே தெரியலை,” என்று கணக்குச் சொல்வார். “அந்தப் பக்கம் திரும்புங்க,” என்பாள். திரும்புவார். வருஷம் முழுக்க அந்த மனுஷன் அவள் சொன்னபடி கேட்டது அந்தப் பத்து நிமிஷம்தான்.

“சவ அடக்கக்காரங்களுக்கு நான் போன் பண்ணிப் பேசிட்டேன்மா,” என்றார் டாக்டர். “தெருவெல்லாம் அடைச்சிருக்கு. வண்டி உள்ள வராது. ஏழரைக்கு மேலதான் வருவாங்களாம். அவ்வளவு நேரம்...”

“இருக்கட்டும்.”

“தனியாவா?”

“தனியா எங்க? இவர் இருக்காரே.”

டாக்டர் பொய்முடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கம் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டார். கைப்பையை மூடிக்கொண்டு கிளம்பப் போனவரை அவள் தடுத்தாள்.

“யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது, கேட்டீங்களா? நாளைக்குக் காலையில நானே சொல்லிக்கறேன். முக்கியமா என் நாத்தனார் மார்சலின் காதுக்குப் போகக்கூடாது.”

“சத்தியமா சொல்ல மாட்டேன்மா.”

பொய்முடி வைத்தவன் சத்தியத்தை நம்பினது அவள் தப்பு.

கதவைத் தாழிட்டு வந்து கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நவம்பரில் மூச்சு முட்ட ஆரம்பித்ததிலிருந்து அவரால் மாடிப்படி ஏற முடியவில்லை. முன் அறையில், தெரு ஜன்னலோரம் கட்டிலைப் போட்டார்கள். நேற்று சாயங்காலம்தான் அவளே சவரம் பண்ணிவிட்டாள். முகம் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. ஐம்பத்தொரு கார்னிவல் ஞாயிற்றில் இந்த நேரத்துக்கு இந்த முகம் இந்த வீட்டில் இருந்ததே இல்லை.

விடிந்ததும் கிளம்பிவிடுவார். கூட்டம் பின்னாலிருந்து முட்டித் தள்ளும்போது மேளக்காரர்கள் மேல் விழாமல் தடுக்கிற முதல் வரிசையில், கை கோத்து நிற்கிற ஆட்களில் ஒருவர். முப்பது வருஷம் நின்றார். அது அவர் பாடு. அவள் பாடு வேறு. வாசல் சுவரில் ஒரு ஆணி. அதில் ஓமேர் தன் குடையை மாட்டிவிட்டுப் போனால் வீடு திறந்திருக்கிறது என்று அர்த்தம். யாரும் வரலாம், கேட்காமல் வரலாம், அடுப்படியில் உட்கார்ந்து வெங்காய சூப் குடித்துவிட்டுப் போகலாம். ஊரில் அப்படிப்பட்ட வீட்டைக் கோயில் என்பார்கள். நல்ல கோயில். கும்பிட ஒருத்தன் வந்ததில்லை. தெரிந்தவன் வருவான், தெரிந்தவன் கூட்டி வந்த தெரியாதவன் வருவான், வேஷத்தில் எவன் எவள் என்றே தெரியாது. தரையெல்லாம் சேறு, கழிப்பறை வாசலில் வரிசை, மாடிக் கட்டிலில் எவனாவது ஒருத்தன் குடித்துவிட்டுக் குறட்டை. விடிகாலையிலிருந்து வெங்காயம் உரித்து அவள் கை மூன்று நாளைக்கு நாறும். ஒவ்வொரு வருஷமும் இதுதான் கடைசி என்று சத்தியம் செய்வாள்.

இந்த வருஷம் நிஜமாகவே முடியாது என்று சொல்லிவிட்டாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் ஆரம்பித்தார். “ஞாயித்துக்கிழமை குடையை மாட்டணும் ரேமோந்த்.”

“நீங்க மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கிடப்பீங்க, நான் ஊருக்கு வெங்காயம் உரிக்கணுமா? நடக்காது.”

அவர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒழிந்தது என்று நினைத்தாள். குடையை எடுத்து மாடி அலமாரியில் கோட்டுக்குப் பின்னால் ஒளித்தும் வைத்தாள். நேற்று மத்தியானம் காய்கறிக்கடைக்காரன் வந்து அடுப்படியில் ஒரு மூட்டை வெங்காயத்தை இறக்கினான். ஓமேர் ஐயா போனில் சொன்னாராம். எழுந்து கழிப்பறைக்குப் போக முடியாத மனுஷன், அவள் மருந்துக்கடைக்குப் போன நேரம் பார்த்துப் போனில் வெங்காயம் வரவழைத்திருக்கிறார்!

நேற்று ராத்திரி அவள் அவரோடு பேசவில்லை. காலையில் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது, நூல் மாதிரி குரலில், “சூப் வேகுதா?” என்றார்.

அவ்வளவுதான். அடுப்படிக்குப் போய்ச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு ஐம்பத்தொரு வருஷத்தையும் கொட்டினாள். சேறு, குறட்டை, தலையணை உறை ஒன்றையும் விடவில்லை. அந்தப் பக்கமிருந்து பதில் இல்லை. வழக்கமாகவே பதில் இருக்காது. காதை மூடிக்கொண்டுவிடுவார். அதனால் இன்னும் சத்தமாகக் கத்தினாள். அதில் எவ்வளவு அவர் காதில் விழுந்தது, எவ்வளவு வெறும் கட்டிலுக்குப் போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

“சொல்லிட்டுப் போனா என்ன உங்களுக்கு?” என்றாள் கட்டிலைப் பார்த்து. “ஒரு வார்த்தை. நிறுத்து, நான் போறேன்னு.”

தூரத்தில் மணிக்கூண்டு பன்னிரண்டு அடித்தது. ஏழரை வரை இருக்கிறது. அடைத்த கதவு, திரை இழுத்துச் சாத்திய ஜன்னல், அவள், அவர். இந்த ஒரு நாளாவது அவளுக்கு வேண்டும். யாருக்கும் பங்கு கிடையாது.

இரண்டு மணிக்குக் கதவை உடைக்கிற மாதிரித் தட்டினாள் மார்சலின்.

ரேமோந்த் கதவை ஒரு சாண் திறந்ததும் நாத்தனார் உள்ளே விழுந்தாள். எழுபத்திரண்டு வயது. தலையில் பறவைக்கூடு வைத்த தொப்பி, கழுத்தில் ஊதா இறகு மாலை. கண்மை கரைந்து கன்னம் வழியாகத் தாடைக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

“அண்ணி! எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு? கூடப் பொறந்தவ நான்! டாக்டர் வந்து என்னைக் கட்டிப் பிடிச்சு அழறார், ஏன் அழறார்னே எனக்குத் தெரியலை!”

“அந்த ஆள் வாயில...” என்று பல்லைக் கடித்தாள் ரேமோந்த். “சத்தம் போடாதே. உள்ள வா.”

மார்சலின் பின்னங்காலால் கதவைத் தள்ளிச் சாத்தினாள். தாழ் போட்டாளா என்று ரேமோந்த் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

அண்ணனைப் பார்த்து மார்சலின் அழுதாள். இறகு மாலை கட்டில் விரிப்பெல்லாம் ஊதாப் பஞ்சை உதிர்த்தது. ரேமோந்த் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அழுது முடித்து மூக்கைச் சிந்தியவள் முதல் வேலையாக வாசல் பக்கம் திரும்பினாள்.

“கதவைத் தொறந்து வைங்க அண்ணி.”

“எதுக்கு?”

“எதுக்கா? அண்ணனோட கோயில். கடைசியா ஒரு தடவை. வெங்காயம் கூட வந்திருக்கே, பார்த்தேன்.”

“மார்சலின், வாயை மூடு.”

“அவர் ஆசை அண்ணி.”

“அவர் ஆசை, அவர் ஆசை! ஐம்பத்தொரு வருஷம் அவர் ஆசைதான். என் ஆசையை யாரு கேட்டீங்க? கார்னிவல் ஞாயித்துக்கிழமை என் புருஷன் என் பக்கத்துல உக்கார்ந்து நான் பார்த்ததில்லை. செத்த பிறகாவது ஒரு நாள் இருக்கட்டும். எனக்கு இன்னிக்கு இவர் வேணும். ஊருக்கு நாளைக்குத் தர்றேன்.”

மார்சலின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பறவைக்கூட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் முட்டை உருண்டு தரையில் விழுந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

“போன வாரம் நான் வந்தப்போ சொன்னார்,” என்றாள். “‘இந்த வருஷம் என்னால வெளிய போக முடியாது மார்சலின். அவங்களாவது உள்ள வரட்டும்’னார். அவ்வளவுதான் அண்ணி. ஜன்னல்ல பார்த்தா வெறும் தொப்பிதான் தெரியுமாம்.”

ரேமோந்த் பொறுக்கிய இறகுப் பஞ்சை மேஜையில் வைத்தாள்.

“எங்கிட்ட ஏன் அவர் அதைச் சொல்லலை?”

“சொல்ல விட்டீங்களா நீங்க?”

“போய் மூஞ்சியைக் கழுவு,” என்று எரிந்து விழுந்தாள் ரேமோந்த். “பேய் மாதிரி இருக்கே. நான் போய் அவரோட கறுப்பு சூட்டை எடுத்துட்டு வர்றேன். கதவு தொறக்கிற பேச்சு இதோட நிக்கட்டும்.”

மார்சலின் பின்கட்டுக் குழாயடிக்குப் போனாள். ரேமோந்த் மாடியேறினாள்.

கறுப்பு சூட் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. எப்படி இருக்கும்? கல்யாணம், கருமாதிக்குப் போட்டுவிட்டு வந்து கண்ட இடத்தில் தொங்கவிடுகிற ஆள். அலமாரி முழுக்கக் கவுன்கள், கிழவிகள் போடுகிற பழைய உரோமக் கோட்டு, பூத்தொப்பி, நாற்பத்து நான்காம் நம்பர் பெண்கள் செருப்பு. அந்நியர் யாராவது பார்த்தால் இந்த வீட்டில் பெரிய உடம்புக்காரி ஒருத்தி வாழ்ந்தாள் என்றுதான் நினைப்பார்கள். உரோமக் கோட்டுக்குப் பின்னால் அவள் ஒளித்துவைத்த குடை நின்றது. அதற்கும் பின்னால் இருந்தது சூட். சூட்டின் பையில் போன வருஷத்து ஹெர்ரிங் கருவாட்டின் பிளாஸ்டிக் உறை. ஐந்து மணிக்கு நகர மண்டபத்து மாடியிலிருந்து கூட்டத்தை நோக்கி வீசுகிற மீன். எம்பிப் பிடித்து அவளுக்கென்று கொண்டுவருவார், அவளுக்கு அது பிடிக்காது என்று தெரிந்தும். அதை எந்தக் கருமாதிக்கு இந்தப் பைக்குள் போட்டார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அதற்குள் மேளம் தெருவுக்கு வந்துவிட்டது. குழலும் முரசும் கூட்டத்தின் பாட்டுமாகக் கண்ணாடி அதிர்ந்தது. ஜன்னலுக்குக் கீழே தொப்பிகளும் குடைகளும் போய்க்கொண்டே இருந்தன. முதல் வரிசை ஆட்கள் கை கோத்துப் பின்பக்கம் சாய்ந்து தடுத்துக்கொண்டு போவது தெரிந்தது. ஓமேர் நின்ற இடத்தில் வேறு எவனோ நின்றான். நிற்காமல் எப்படி, அவர் வரிசையை விட்டுப் பல வருஷமாகிறதே. அவள் திரையை இழுத்துவிட்டுச் சட்டையைத் தேய்க்க உட்கார்ந்தாள். சத்தம் அடங்க அரை மணி ஆயிற்று.

சூட்டும் சட்டையும் கையுமாகப் படியிறங்கியபோது அடுப்படியில் பேச்சுக்குரல் கேட்டது. ஒரு குரல் இல்லை.

ஒன்பது பேர். எண்ணிப் பார்த்தாள். ஒரு பாதிரியார், இரண்டு குழந்தை வேஷம், மீசையோடு ஒரு செவிலி, இன்னும் என்னென்னவோ. மேஜையைச் சுற்றி முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். இடம் போதாமல் கல்யாண கவுன் போட்ட ஆறடி ஆள் ஒருத்தன் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து கரண்டியால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். பின்கட்டு வாசலில் மார்சலின், முகமெல்லாம் மை போகாமல் மறுபடி பூசிய சோப்பு நுரையோடு, ஒரு கண்ணை மட்டும் திறந்து அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நான் விடலை அண்ணி! சத்தியமா நான் விடலை!”

“யாருடா உங்களை உள்ள விட்டது?” என்றாள் ரேமோந்த்.

மணப்பெண் எழுந்தான். “வாசல்ல குடை தொங்குதேம்மா. தாழும் போடலை. ஓமேர் ஐயா வீட்டு சூப்னா சும்மாவா? மூணு வருஷமா வர்றேன். லுடோவிக். இழுவைக் கப்பல்ல இருக்கேன்.”

“குடையா? குடை மாடியில இருக்கு. நானே ஒளிச்சு வெச்சேன்!”

“பச்சைக் குடைம்மா. நண்டு கட்டினது.”

டாக்டர் குடை. பேனா, போத்தல், பலூன் எல்லாவற்றையும் ஞாபகமாக எடுத்துக்கொண்டு போனவன் குடையை மட்டும் எங்கே மாட்டக்கூடாதோ அங்கே மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். ரேமோந்த் சட்டையை நாற்காலி முதுகில் போட்டாள்.

“முன் ரூம் வழியாத்தானே வந்தீங்க?”

“ஆமாம்மா.”

“கட்டில்ல ஒருத்தர் படுத்திருந்தாரே, பார்த்தீங்களா?”

“பார்க்காம என்ன,” என்று மீசை செவிலி சிரித்தான். “காலையிலேயே ஏத்திக்கிட்டு மட்டையாயிட்டாரு பாவம். யாருன்னு இருட்டுல தெரியலை.”

“அவர்தான் ஓமேர். காலையில செத்துட்டார்.”

கரண்டி நின்றது. பாதிரியார் வேஷக்காரன் சிலுவைக் குறி போட்டான், பிறகு தன் உடுப்பைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டான். லுடோவிக்கின் வாய் மூடவில்லை. மெல்லத் தன் பொய்முடியையும் முகத்திரையையும் கழற்றினான். உள்ளே வழுக்கை விழ ஆரம்பித்த சாதாரணத் தலை ஒன்று இருந்தது.

“நான்... நான் அவருக்கு முத்தம் குடுத்தேன்மா.”

“என்னது?”

“எழுப்பலாம்னு. ரெண்டு கன்னத்துலயும். எழுந்திரிக்கலைன்னதும்... நெத்தியிலயும் ஒண்ணு.” அவன் கண் கலங்கியது. “ஜில்லுனு இருந்துச்சும்மா. இப்பத்தான் வெளியில நின்னுட்டு வந்து படுத்திருக்காருன்னு நெனச்சுட்டேன்.”

வெளியே எவனோ பாடிக்கொண்டு போனான். ஒன்பது பேரும் ஒருவர் பின் ஒருவராக, சத்தமில்லாமல், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். பின்வாசல் எங்கே என்று செவிலி மார்சலினிடம் கிசுகிசுத்தான்.

இவர்கள் போனால் தாழ் போடலாம். குடையைக் கழற்றி உள்ளே எறியலாம். இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது, அவள் கேட்ட மாதிரியே. ரேமோந்த் கதவைப் பார்த்தாள். பிறகு லுடோவிக் உட்கார்ந்து நசுக்கின மூட்டையைப் பார்த்தாள்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள்.

“இல்லம்மா, நாங்க...”

“மூட்டை மேல உக்காரத் தெரியுது இல்ல? வாங்கிப் போட்டவர் போய்ச் சேர்ந்துட்டார். இதை நான் தனியா என்ன பண்றது, மண்ணுல நடவா? கத்தி அந்த டிராயர்ல இருக்கு. நாலு பேர் உரிங்க, ரெண்டு பேர் நறுக்குங்க. மார்சலின், நுரையைத் தொடைச்சுட்டுப் பெரிய பாத்திரத்தை இறக்கு. வெண்ணெயைக் கருக விட்டே, தெரியும் சேதி.”

“அண்ணி...” என்றாள் மார்சலின். நுரையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அழாதே. சூப்புல விழும்.”

“வெளியில குடை?” என்று கேட்டான் லுடோவிக். “எடுத்துடட்டுமா?”

ரேமோந்த் ஒரு கத்தியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“இருக்கட்டும்,” என்றாள். “ஆனா இனிமே வர்றவன் எல்லாம் பின்வாசல் வழியா வரணும், அதையும் ஒரு தாள்ல எழுதித் தொங்கவிடு. முன் ரூமுக்குள்ள ஒருத்தன் காலை வெச்சான், கொன்னுடுவேன். அது எனக்கு.”

சூட்டையும் சட்டையையும் எடுத்துக்கொண்டு முன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

சாத்தின கதவுக்குப் பின்னால் கத்திகள் தட்டுகிற சத்தம் கேட்டது. யாரோ தும்மினார்கள். மார்சலின் அதற்குள் அதிகாரம் பண்ண ஆரம்பித்துவிட்டாள். இத்தனை வருஷமும் ரேமோந்த் அந்தப் பக்கம் நின்று கேட்ட இரைச்சல்தான்.

விளக்கைப் போட்டாள். சட்டையை விரித்து வைத்துவிட்டுத் திரும்பினவள் அவர் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். இடது கன்னத்தில் ஒன்று. வலது கன்னத்தில் காது வரை இழுவிக்கொண்டு ஒன்று. நெற்றி நடுவில் உதட்டின் ரேகை தெரிகிற மாதிரி ஒன்று. தலையணை உறையிலும் சிவப்பு.

“பாருங்க கோலத்தை,” என்றாள். “வீட்டுல படுக்க வெச்சாலும் விட மாட்டீங்க.”

இழுப்பறையைத் திறந்து கோல்டு கிரீம் புட்டியையும் துணியையும் எடுத்தாள். ஜன்னல் பக்கமாகக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, விரலில் கிரீமை எடுத்து முதலில் நெற்றியில் தடவினாள். சில்லென்றிருந்தது. கொஞ்சம் பொறுத்துத் துணியால் வட்டமாகத் துடைத்தாள்.

“யாருன்னு கேளுங்க. லுடோவிக்காம். இழுவைக் கப்பல்ல இருக்கானாம். மூணு வருஷமா இங்க தின்னிருக்கான், எனக்கு மூஞ்சி ஞாபகமில்லை. உங்களுக்கு இருக்கும்.”

நெற்றி முடிந்தது. இந்தப் பக்கத்துக் கன்னத்துக்கு வந்தாள். காதோரம் சாயம் மடிப்புக்குள் போயிருந்தது. துணியின் சுத்தமான முனையைச் சுருட்டி அதை எடுத்தாள்.

“சூப் வேகுது,” என்றாள். “ஒன்பது பேர் உரிக்கிறாங்க. இன்னும் வருவாங்க. போதுமா உங்களுக்கு?”

தெருமுனையில் மேளம் மறுபடி தொடங்கியது. அவள் துணியை மடித்து மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அந்தப் பக்கம் திரும்புங்க.”

துணியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள்.

பிறகு எழுந்தாள். புட்டியை எடுத்துக்கொண்டு, கட்டிலின் கால்மாட்டைச் சுற்றி, மறுபக்கம் போனாள்.